முன்வரிசைத் தாய்மார்களுக்கு

முன்வரிசையில் அமர்ந்திருக்கும் பட்டாளத்துக் குடும்பத்துத் தாய்மார்களே!

1949 முதல் டிசம்பர் 7 கொடிநாள். சட்டையில் கொடி குத்திக்கொள்கிறோம், உண்டியலில் பணம் போடுகிறோம், எல்லையில் நிற்பவரை நினைக்கிறோம். அவர் வீட்டுக்குக் காவல் நிற்பவரை நினைத்தோமா?

வேலூர் மாவட்டத்துக்காரர்களுக்கு இந்தக் காவல் தெரியாததல்ல. பட்டாளத்துக்காரர்கள் நிறைந்த நம் கம்மவான்பேட்டைக்கு ராணுவப்பேட்டை என்றே பெயர். லீவு முடிந்து உங்கள் கணவர் காட்பாடியில் ரயில் ஏறியதும் உங்கள் பணி தொடங்குகிறது, தாயே. மாமனாரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போவதும் நீங்கள்தான், வரப்புத் தகராறில் பங்காளிகளுக்கு நடுவே நின்று பேசுவதும் நீங்கள்தான். பல எல்லைப் பகுதிகளில் குடும்பத்தை உடன் வைத்துக்கொள்ள அனுமதியில்லை. மலைமேல் சிக்னல் இல்லாவிட்டால் போனும் வராது. வரும்போதோ, பிள்ளை காய்ச்சலில் படுத்திருந்தாலும் "இங்க எல்லாரும் நல்லாயிருக்கோம்" என்கிறீர்கள். அங்கே அவர் மனம் கலங்கக் கூடாதே! அந்தப் பேச்சுக்கு எந்த அரசும் பதக்கம் தந்ததில்லை.

உங்களைப் போன்ற ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். 2015 நவம்பரில் காஷ்மீரின் குப்வாராவில் கர்னல் சந்தோஷ் மகாதிக் வீரமரணம் அடைந்தார். இரண்டு பிள்ளைகளின் தாயான அவர் மனைவி ஸ்வாதி என்ன செய்தார் தெரியுமா? தேர்வு எழுதி, நம் சென்னைப் பரங்கிமலை ராணுவ அதிகாரிகள் பயிற்சி அகாடமிக்கு வந்தார். தம்மைவிட வயதில் மிக இளையவர்களோடு ஓடினார், துப்பாக்கி பிடித்தார். 2017 செப்டம்பரில் லெப்டினன்டாக அணிவகுத்தார்.

அதே 2017 நவம்பர் வரை ஒரு விதி இருந்தது. வீரப்பதக்கம் பெற்றவரின் மனைவி, கணவர் மறைந்தபின் மறுமணம் செய்தால் பதக்கத்துக்கான மாதப்படி நின்றுபோகும். கணவரின் சகோதரரையே மணந்தால் மட்டும் தொடரும்! வீரரைப் போற்றிக்கொண்டே அவர் மனைவியைக் குடும்பச் சொத்தாக எண்ணிய விதி அது. நீக்கினார்கள், நல்லது. நீக்குவதற்கு அத்தனை காலம் பிடித்ததை என்னால் மன்னிக்க முடியவில்லை.

விதி போனாலும் அந்த எண்ணம் இன்னும் கவுன்டர்களில் உட்கார்ந்திருக்கிறது. வருவாய்த்துறை நண்பர்களே, வங்கி அலுவலர்களே, கைகூப்பிக் கேட்கிறேன். பட்டாளத்துக்காரர் மனைவி ஒருவர் மனுவோடு வந்தால், "வீட்டுக்காரரைக் கூட்டிட்டு வாம்மா" என்று திருப்பி அனுப்பாதீர்கள். நாற்காலி போட்டு உட்கார வையுங்கள். அன்றைக்கே வேலையை முடித்துக் கொடுங்கள்.