நீர் சூழாத தீவு



தீவு என்பது யாது? நான்கு புறமும் நீரால் சூழப்பெற்ற நிலப்பகுதி என்று பள்ளிப் பருவத்தில் நாம் அனைவரும் படித்திருக்கின்றோம். ஆயினும், ஒரு துளிக் கடல் நீரும் இன்றித் தீவுகள் அமைவது உண்டு. வேற்று மொழி வழங்கும் நகரம் ஒன்றில், நம்மவர் குடியிருக்கும் நான்கு தெருக்களுக்குள் வீடு தேடி, நம்மவர் கடையிலேயே பொருள் வாங்கி, நம்மவரோடு மட்டுமே உறவாடி நாளைக் கழிப்போமாயின், நாம் வாழ்வதும் ஒரு தீவேயாகும். மும்பையின் மாதுங்காவிலும் தாராவியிலும், தில்லியின் கரோல்பாகிலும் வாழும் நேயர்களுக்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை. அத்தகைய தீவிலிருந்து கரையேறும் வழி யாது என்பதைப் பெங்களூர்த் தமிழரின் வரலாற்றைக் கொண்டு இன்று சிறிது சிந்திப்போம்.

பெங்களூரில் தீவு என்பது வெறும் உவமை அன்று. ஒரு காலத்தில் சட்டமே வகுத்துத் தந்த தீவு அங்கே இருந்தது. 1809-ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் தம் படையை ஸ்ரீரங்கப்பட்டணத்திலிருந்து பெங்களூரில் அல்சூரை அடுத்த மேட்டு நிலத்திற்கு மாற்றினர். படையைப் பின்தொடர்ந்து வணிகர், கொத்தர், தச்சர், சலவைத் தொழிலாளர் எனப் பலர் தமிழ் மாவட்டங்களிலிருந்து வந்து குடியேறினர். மைசூர் நாடு 1881-இல் அரச மரபினரிடம் மீண்டும் ஒப்படைக்கப்பட்டபோதும், தண்டு எனப்பட்ட அப்பகுதி மட்டும் ஆங்கிலேயர் ஆட்சியிலேயே நின்றது. ஒருபுறம் கன்னடம் பேசும் பழைய பேட்டை. மறுபுறம் தமிழ் மிகுதியாக ஒலித்த தண்டு. இடையே கப்பன் பூங்கா. 1947-இல் தண்டு மைசூர் அரசுடன் இணைந்தது. 1949-இல் இரு நகராட்சிகளும் ஒன்றாகி மாநகராட்சி ஆயின. சட்டம் போட்ட கோடு அன்றே அழிந்தது. மனத்தில் விழுந்த கோடு அழிந்ததா என்பதே நாம் கேட்க வேண்டிய கேள்வி.

அக்கோட்டை அழிக்கும் ஆற்றல் எதற்கு உண்டு? இங்கே கன்னட நாட்டுச் சிற்றூர்களில் வழங்கும் ஒரு சொல் நமக்குத் துணை செய்கிறது. உழவு, நடவு, அறுவடைக் காலங்களில் ஒரு குடும்பத்தார் மற்றொரு குடும்பத்தாரின் நிலத்தில் கூலியின்றிப் பாடுபடுவர். தம் முறை வரும்போது அவர்கள் இவர்களின் நிலத்திற்கு வந்து உழைப்பர். அவ்வாறு மாற்று வேலைக்கு வரும் ஆளுக்கு 'முய்யாளு' என்று பெயர். திருமணத்தில் கொடுத்துப் பின்னர்த் திரும்பப் பெறும் அன்பளிப்பு 'முய்யி'. நம் ஊர்த் திருமணங்களில் எழுதப்பெறும் 'மொய்' உங்கள் நினைவிற்கு வருகின்றதன்றோ?

மொய்க் கணக்கில் ஒரு நுட்பம் உண்டு. நூறு ரூபாய் பெற்றவர் திருப்பிச் செய்யும்போது சரியாக நூறு எழுதுவதில்லை; சற்றுக் கூட்டியே எழுதுவார். அந்தக் கூடுதல் தொகை அடுத்த விசேஷத்தில் இவருக்குத் திரும்ப வேண்டும். ஆகவே கணக்கு என்றுமே முடிவதில்லை. கூலி கொடுத்து வாங்கிய வேலை அந்தி சாயும்போது தீர்ந்துவிடுகிறது. மாற்றாகச் செய்த வேலையோ ஒரு சிறு பாக்கியை விட்டுச் செல்கிறது. அந்தப் பாக்கியே உறவு. அனைத்தையும் விலைக்கு வாங்கி, ஒருவருக்கும் கடன்படாமல் வாழ்பவன் செல்வனாக இருக்கலாம். ஆயினும் அவன் தீவில் வாழ்பவனே.

பெங்களூரின் வரலாறு இத்தகைய கொடுக்கல் வாங்கலால் நிறைந்தது. சிவசமுத்திரத்தில் காவிரி அருவியினின்று பெற்ற மின்சாரம், 1902-ஆம் ஆண்டில் முதன்முதலாகக் கோலார் தங்க வயலுக்குச் சென்றது. அச்சுரங்கங்களின் ஆழத்தில் இறங்கி உழைத்தோருள் பெரும்பகுதியினர் தமிழர். மூன்றாண்டு கழித்து, 1905-இல், அதே மின்சாரம் பெங்களூரின் தெருக்களுக்கு ஒளி தந்தது. கன்னட மண்ணின் அருவி தமிழ்த் தொழிலாளிக்குத் துணை செய்தது. அவன் உழைப்பிற்காக இழுத்த மின்கம்பி கன்னட நகரத்திற்கு விளக்கேற்ற வழி செய்தது. இதனைப் பெரிய அளவில் நிகழ்ந்த முய்யி என்று கூறினால் அது மிகையாகாது.

பின்னர் 1940-இல் விமானத் தொழிற்சாலையும், 1948-இல் தொலைபேசித் தொழிற்சாலையும், 1953-இல் எச்.எம்.டி.யும், 1954-இல் பாரத் எலக்ட்ரானிக்ஸும் தோன்றின. பல மொழியினர் ஒரே கூடத்தில் கடைசல் எந்திரங்களின் முன் நின்றனர். எந்திரத்திற்கு மொழி இல்லை. ஆனால் அதனைப் பழக்கிக் கொடுக்கும் மூத்த தொழிலாளிக்கு மொழி உண்டு. 1980 டிசம்பர் இறுதியில் தொடங்கி 77 நாள்கள் நீடித்த பொதுத்துறைத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தில், கன்னடரும் தமிழரும் தெலுங்கரும் மலையாளிகளும் ஒருங்கே நின்றனர். சேர்ந்து உழைத்தவர்களுக்கே சேர்ந்து துன்புறவும் இயலும்.

சொந்த மொழியைக் கைவிட்டால்தான் பிற மொழியினரோடு கலக்க இயலும் என்று சிலர் அஞ்சுகின்றனர். அவ்வச்சம் தேவையற்றது. கன்னடச் சிறுகதையின் தந்தை எனப் போற்றப்பெறும் மாஸ்தி வெங்கடேச ஐயங்கார், வீட்டில் தமிழ் பேசிய குடும்பத்தில் பிறந்தவர். கன்னட இலக்கியத்திற்காக 1983-ஆம் ஆண்டின் ஞானபீடப் பரிசு அவருக்குக் கிடைத்தது. கன்னட நாடக மேடையைச் சிரிக்க வைத்த கைலாசமும் தமிழ்க் குடும்பத்தவரே. மறுபுறம், கன்னட மக்கள் தம் உள்ளத்தில் வைத்துப் போற்றும் நடிகர் ராஜ்குமார் பிறந்த கஜனூர், இன்று தமிழ்நாட்டின் எல்லைக்குள் இருக்கிறது. கொடுத்தவர் யார், பெற்றவர் யார் என்று இங்கே கணக்கு முடிக்க இயலுமா?

இருப்பினும், கசப்பான நாள்களை மறைத்துப் பேசுதல் முறையாகாது. காவிரி நடுவர் மன்றத்தின் இடைக்கால ஆணை 1991 டிசம்பரில் அரசிதழில் வெளிவந்தபோது, பெங்களூரில் மூண்ட கலவரத்தால் தமிழ்க் குடும்பங்கள் பல ஊரை விட்டு வெளியேறின. 2016 செப்டம்பரிலும் பேருந்துகள் எரிந்தன. அல்சூர் ஏரியின் அருகே 1991-இல் நிறுவிய திருவள்ளுவர் சிலை பதினெட்டு ஆண்டுகள் மூடியே கிடந்தது. அது 2009 ஆகஸ்டு 9-ஆம் நாள் திறக்கப்பெற்றது. நான்கு நாள் கழித்து, சென்னை அயனாவரத்தில் கன்னடக் கவி சர்வக்ஞரின் சிலை திறக்கப்பெற்றது. முடங்கிக் கிடந்த ஒன்றை இறுதியில் அசைத்ததும் ஒரு மாற்றுச் செயலே என்பதை நோக்குக.

ஆயினும், சிலைகளை அரசுகள் மாற்றிக் கொள்ளலாம். அண்டை வீட்டாரின் அன்பை அரசுகள் நமக்குப் பெற்றுத் தர இயலாது. தெருவில் கல் விழும் நாளில், 'இவர் எங்களவர்' என்று வாயிலில் வந்து நிற்கப்போகும் ஒருவரை, அமைதியான ஆயிரம் நாள்களில் நாமே தேடிக்கொள்ள வேண்டும்.

அதற்கு வழி எளிது. முதலில் மொழி. தமிழில் பகரத்தில் தொடங்கும் சொற்கள் பல, கன்னடத்தில் ஹகரத்தில் தொடங்கும். பால், ஹாலு, பத்து, ஹத்து, புலி, ஹுலி, பாம்பு, ஹாவு, பெண், ஹெண்ணு. பழங்கன்னடத்தில் இவையும் பகரத்திலேயே தொடங்கின. இந்த ஒரு விதியை அறிந்தவர் ஒரே நாளில் பல சொற்களுக்கு உரியவராகிறார். ஆசிரியரைத் தேடி அலைய வேண்டா. பக்கத்து வீட்டுச் சிறுவனுக்கு மாலையில் கணக்குச் சொல்லிக் கொடுங்கள். அவன் பாட்டியிடம் கன்னடம் சொல்லித் தருமாறு கேளுங்கள். இதில் யாரும் யாருக்கும் கூலி தர வேண்டியதில்லை. பாக்கி மட்டும் நிற்கும்.

அடுத்தது பண்டிகை. நாம் பொங்கலிடும் அதே நாளில் கன்னட மக்கள் சங்கராந்தி கொண்டாடி, எள்ளும் வெல்லமும் கலந்த 'எள்ளு பெல்ல'த்தை வீடு வீடாகக் கொடுத்து மகிழ்கின்றனர். அவர்களின் தட்டு நம் வீட்டிற்கு வந்தால், அதனை வெறுமையாகத் திருப்பாமல் சர்க்கரைப் பொங்கலை வைத்து அனுப்புவோம். அடுத்த ஆண்டும் அத்தட்டு வரும்.

கர்நாடகத்திற்குச் சொன்ன இது, மராட்டியத்திற்கும் வங்கத்திற்கும் குஜராத்திற்கும் பொருந்தும். அந்தந்த ஊரின் சொல்லும் பண்டிகையும் வேறாகலாம், வழி ஒன்றே. 1974 முதல் பெங்களூர் மக்கள் காவிரி நீரைப் பருகி வருகின்றனர். கன்னடர் வீட்டுக் குழாயிலும் தமிழர் வீட்டுக் குழாயிலும் வருவது ஒரே நீர். நம்மைச் சூழ்ந்துள்ள நீர் நம்மைப் பிரிக்கும் கடலாக இருப்பதும், நாம் பகிர்ந்து பருகும் நீராக இருப்பதும், அண்டை வீட்டுக் கதவை நாம் தட்டுவதைப் பொறுத்தது. உங்கள் ஊரில் எந்த வீட்டாருக்கு எவ்வுதவி பாக்கி நிற்கிறது என்று இன்று சற்று எண்ணிப் பாருங்கள். ஒன்றும் இல்லையெனில், நாளையே ஒரு பாக்கியைத் தொடங்குங்கள்.