மருந்து உறையில் நம் மொழி

மருந்துப் பாதுகாப்பு, நோயாளியின் சட்ட உரிமை என்று தலைப்பு பெரிதாக இருக்கிறது. கிடைத்திருக்கும் நேரத்தில் எல்லாவற்றையும் தொட்டுப் போவதைவிட, ஒரேயொரு பொருளைக் கையில் எடுத்துக்கொண்டு பேசலாம் என்று நினைக்கிறேன். கிளினிக் நாளில் மருந்து ஜன்னலில் நம் கைக்கு வருகிறதே ஒரு சின்னக் கடதாசி உறை, அதுதான் அந்தப் பொருள். உள்ளே குளிசைகள், வெளியே அவசரமாக எழுதிய இரண்டொரு எழுத்து, ஒரு எண். ராகலையிலோ கந்தப்பளையிலோ ஹைபொரஸ்டிலோ உடப்புசல்லாவையிலோ வாழும் ஒருவருக்கு அந்த எழுத்து தமிழில் இருக்க வேண்டும். அப்படிக் கேட்பது தயவுக்காகக் கையேந்துவது ஆகாது. இந்த நாட்டின் அரசியலமைப்பிலேயே அதற்கு இடம் இருக்கிறது. நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். ஏன் அப்படிச் சொல்கிறேன் என்பதைத்தான் இனி விளக்க வேண்டும்.

மருந்தால் ஆபத்து என்றவுடன் நம் மனதுக்கு வருவது வேறு செய்திகள். 2023 ஏப்ரலில் நமது நுவரெலியா மாவட்டப் பொது வைத்தியசாலையில் கண்புரைச் சத்திரசிகிச்சை செய்துகொண்டவர்களில் சிலர் பார்வையை இழந்தார்கள். கொழும்பு தேசிய கண் வைத்தியசாலையிலும் நோயாளர்கள் பாதிக்கப்பட்டார்கள். சத்திரசிகிச்சைக்குப் பின் விடப்பட்ட பிரெட்னிசொலோன் சொட்டு மருந்தின் மீது சந்தேகம் விழுந்தது. இந்தியாவின் குஜராத்தில் தயாரான அந்த மருந்து பாவனையிலிருந்து விலக்கப்பட்டது. பிறகு இம்யூனோகுளோபியுலின் விவகாரம் வந்தது. போலி ஆவணங்களைக் காட்டித் தரமற்ற மருந்து வாங்கப்பட்டது என்ற குற்றச்சாட்டில் முன்னாள் சுகாதார அமைச்சர் கெஹலிய ரம்புக்வெல்ல 2024 பெப்ரவரியில் கைதுசெய்யப்பட்டார். இவை பாரதூரமானவை. ஆனால் லயத்து வாசலில் நின்றுகொண்டு நம்மால் இவற்றைத் தடுக்க முடியாது. இறக்குமதியைச் சோதிப்பது அரசின் வேலை. அதற்கென்றுதான் 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தால் தேசிய ஔடதங்கள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபை அமைக்கப்பட்டது. இருந்தாலும் இங்கேயும் அந்த உறை குறுக்கே வருகிறது, கவனியுங்கள். ஒரு மருந்தை மீளப் பெறும்போது அதன் பெயரையும் தொகுதி இலக்கத்தையும் சொல்லித்தான் அறிவிப்பார்கள். பெரிய போத்தலிலிருந்து எண்ணி உறையில் போட்ட குளிசைக்குத் தொகுதி இலக்கம் எங்கே? பெயரே எழுதப்படாவிட்டால், வானொலியில் அறிவிப்பைக் கேட்டாலும், நம் வீட்டு டப்பாவில் இருப்பது அந்த மருந்துதானா என்று தெரிந்துகொள்ள வழியில்லை.

கெட்ட மருந்தால் வரும் கேடு செய்தியாகிறது. நல்ல மருந்தைப் பிழையாகக் குடிப்பதால் வரும் கேடு செய்தியாவதில்லை. அது வீட்டுக்குள்ளேயே நடந்து, 'சீனி கூடிப்போச்சு', 'பிரஷர் அடிச்சிருச்சு' என்ற பேச்சோடு முடிந்துவிடுகிறது. உலக சுகாதார நிறுவனம் 2017இல் மருந்துப் பிழைகளுக்கு எதிராக உலகளாவிய முயற்சி ஒன்றைத் தொடங்கியபோது, இந்தப் பிழைகளால் ஆண்டுக்கு ஏறத்தாழ 42 பில்லியன் டொலர் இழப்பு என்று கணக்கிட்டது. அந்த நிறுவனம் மூன்று இடங்களை ஆபத்தானவை என்று சுட்டியது: வீரியம் மிகுந்த மருந்துகள், ஒருவரே பல மருந்து குடிப்பது, ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு நோயாளி மாறும் நேரம். நம்முடைய ஒரு பெரியம்மாவை எடுத்துப் பாருங்கள். சீனிக்கு மெட்போமின், அதோடு கிளிக்லசைட், பிரஷருக்கு லொசார்ட்டன், கொழுப்புக்கு அட்டோர்வஸ்டட்டின். கிளினிக் நுவரெலியாவில், இடையில் காய்ச்சல் என்றால் தோட்டத்து டிஸ்பென்சரி, அங்கே மருந்து இல்லையென்றால் டவுன் பாமசி. மூன்று ஆபத்தும் ஒரே கைப்பையில் இருக்கின்றன.

இதில் கிளிக்லசைட்டை மட்டும் சற்று விரித்துச் சொல்கிறேன், ஏனென்றால் மலையில் வேலை செய்கிறவர்களுக்கு அது முக்கியம். இந்தக் குளிசை உடம்பில் இன்சுலினைச் சுரக்கவைக்கிறது. அதனால் சாப்பாட்டோடு சேர்த்துத்தான் அதைக் குடிக்க வேண்டும். விடிகாலையில் குளிசையைப் போட்டு, வெறும் சாயத்தண்ணியோடு மலைக்கு ஏறி, பகல் வரை சாப்பிடாமல் கொழுந்து பறித்தால் இரத்தத்தில் சீனி ஒரேயடியாக இறங்கிவிடும். கை நடுங்கும், வியர்க்கும், கண் இருட்டும். சரிவில் நின்றபடி மயங்கி விழவும் கூடும். உறையில் 'காலைச் சாப்பாட்டுடன்' என்ற இரண்டே சொல் தமிழில் இருந்தால் இந்த ஆபத்து எவ்வளவோ குறையும். இன்னும் கொடியது மெதோட்ரெக்சேட். மூட்டுவாதத்துக்குக் கொடுக்கப்படும் இந்த மருந்தை வாரத்துக்கு ஒருமுறை மட்டும் குடிக்க வேண்டும். அதை நாள்தோறும் குடித்தவர்கள், எலும்பு மச்சையில் இரத்த அணு உற்பத்தி நின்றுபோய் இறந்த சம்பவங்கள் பல நாடுகளில் பதிவாகியிருக்கின்றன. மருந்து தரமானதுதான், வைத்தியர் எழுதியதும் சரிதான். அந்த ஒரு செய்தி மட்டும் நோயாளியிடம் போய்ச் சேரவில்லை. நம் வீடுகளில் புழங்கும் பனடோலும் அப்படித்தான். 500 மில்லிகிராம் குளிசையை வளர்ந்தவர் ஒரு நாளில் எட்டுக்கு மேல் குடிக்கக்கூடாது. டிஸ்பென்சரியில் கிடைத்த பரசிற்றமோலும் கடையில் வாங்கிய பனடோலும் ஒன்றே என்று தெரியாமல் இரண்டையும் சேர்த்துக் குடித்தால் ஈரல் கெடும்.

'ஜன்னலில் வாயால் சொல்கிறார்கள்தானே?' என்று நீங்கள் கேட்கலாம். சொல்கிறார்கள், பலர் அன்போடு தெரிந்த தமிழில் சொல்கிறார்கள். ஆனால் வைத்தியசாலையில் காதால் கேட்ட விஷயத்தில் நூற்றுக்கு 40 முதல் 80 பங்கு வரை உடனேயே மறந்துபோகிறது என்று 2003இல் வெளியான ஒரு மருத்துவக் கட்டுரை ஆய்வுகளைத் தொகுத்துச் சொல்கிறது. பின்னால் வரிசை, மடியில் பிள்ளை, கடைசி பஸ்ஸைப் பற்றிய கவலை. இந்த நிலையில் ஐந்து மருந்தின் விவரத்தை யாரால் மனதில் வைத்திருக்க முடியும்? எழுத்து வேண்டும். அந்த எழுத்தும் தெளிவாக இருக்க வேண்டும் என்பதை 2006இல் அமெரிக்காவில் வெளியான இன்னோர் ஆய்வு காட்டியது. 'இரண்டு குளிசை வீதம் தினம் இருமுறை' என்ற வாசகத்தைப் படிப்பறிவு குறைந்த நோயாளர்களிடம் காட்டினார்கள். 71 வீதத்தினர் பிழையில்லாமல் வாசித்தார்கள். 'அப்படியானால் ஒரு நாளைக்கு எத்தனை குளிசை, எண்ணிக் காட்டுங்கள்' என்றபோது சரியாகக் காட்டியவர்கள் 35 வீதத்தினர்தான். அவர்களுக்குத் தெரிந்த மொழியிலேயே இந்த நிலை. அப்படியிருக்க, நமக்குத் தெரியாத மொழியிலோ, 'பீ.டீ.', 'டீ.டீ.எஸ்.' என்ற லத்தீன் சுருக்கத்திலோ எழுதிக் கொடுத்தால் என்ன ஆகும்? அந்தச் சுருக்கம் வலப்பனையில் இருக்கும் சிங்கள விவசாயிக்கும் புரியாது. ஆகவே நான் பேசுவது ஒரு இனத்துக்கு எதிரான பேச்சு இல்லை. 'காலை 2, இரவு 2' என்று அவருக்குச் சிங்களத்திலும் நமக்குத் தமிழிலும் எழுதுங்கள் என்பதுதான் கோரிக்கை.

இனிச் சட்டத்துக்கு வருவோம். பேனா பக்கத்தில் இருந்தால் 22 என்ற இலக்கத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். 1987இல் வந்த 13ஆவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. அரசியலமைப்பின் 22ஆவது உறுப்புரை, சிங்களத்தில் நிர்வாகம் நடக்கும் பகுதியில்கூட, எந்த அரச அலுவலரிடமிருந்தும் தமிழில் தொடர்பைப் பெறவும், அவருடன் தமிழில் அலுவல் பார்க்கவும் ஒருவருக்கு உரித்து உண்டு என்கிறது. நம் மாவட்டத்தின் நிலை இன்னும் பலமானது. அன்றிருந்த நுவரெலியா, அம்பகமுவ, கொத்மலை, ஹங்குராங்கெத்த, வலப்பனை ஆகிய ஐந்து பிரதேச செயலகப் பிரிவுகளும் 1999இல் வர்த்தமானி மூலம் இருமொழி நிர்வாகப் பிரிவுகளாக அறிவிக்கப்பட்டன. அரசாங்க வைத்தியசாலையின் மருந்து ஜன்னலில் இருப்பவரும் அரச அலுவலரே. அவர் எழுதித் தரும் உறையும் ஒரு அரச தொடர்பே. வைத்தியசாலை உறை என்று அந்த உறுப்புரையில் தனியாக எழுதவில்லையே என்று ஒரு சட்டத்தரணி வாதிடக்கூடும். பிறப்புச் சான்றிதழையும் வரிப் பற்றுச்சீட்டையும் தமிழில் கேட்க உரித்துள்ளவருக்கு, உயிரைப் பாதிக்கக்கூடிய ஒரு அறிவுறுத்தலை மட்டும் தமிழில் கேட்க உரித்தில்லை என்று எந்த நியாயத்தில் சொல்வது? இந்த உரிமை மீறப்பட்டால் அரசகரும மொழிகள் ஆணைக்குழுவுக்கும் இலங்கை மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கும் முறைப்பாடு எழுதலாம். மொழி உரிமை மீறலுக்காக 126ஆவது உறுப்புரையின் கீழ் உயர் நீதிமன்றத்துக்கே போகலாம். அதற்கு ஒரு மாதம்தான் கால எல்லை என்பதை மறக்கக்கூடாது.

ஏன் நட்டஈட்டு வழக்கைப் பற்றிப் பேசாமல் உறையைப் பற்றியே பேசுகிறேன் என்று சிலருக்குத் தோன்றலாம். காரணம் இருக்கிறது. நம் நாட்டில் வைத்தியக் கவனக்குறைவு பற்றிய மிகப் பிரபலமான வழக்கு 2001இல் உயர் நீதிமன்றத்தில் முடிந்தது. கொழும்பில் ஒரு சிறுமியின் நோய் பிழையாகக் கணிக்கப்பட்டதும் அவள் இறந்ததும் பற்றிய வழக்கு அது. தொடுத்தவர் அவளுடைய தந்தை, சட்டமா அதிபர் திணைக்களத்தில் பணியாற்றிய சட்டத்தரணி. மாவட்ட நீதிமன்றத்தில் அவருக்கு 50 இலட்சம் ரூபா நட்டஈடு தீர்ப்பானது. கடைசியில் உயர் நீதிமன்றம், கவனக்குறைவு இருந்தது என்பதை ஏற்றுக்கொண்டும், அந்தக் கவனக்குறைவினால்தான் பிள்ளை இறந்தது என்பது நிரூபிக்கப்படவில்லை என்று தீர்ப்பளித்தது. சட்டத்தையே தொழிலாகக் கொண்டவருக்கு அந்த இணைப்பை நிரூபிப்பது அவ்வளவு கடினமாக இருந்தது என்றால், கிளினிக்குக்குப் போவதற்கே ஒரு நாள் பேரை, அதாவது அன்றைய கூலியை, இழக்கும் தோட்டத் தொழிலாளிக்கு அது எவ்வளவு தூரம்? கேடு நடந்த பின் சட்டம் நமக்கு மிகத் தொலைவில் இருக்கிறது. கேடு நடக்கும் முன், ஜன்னலில், கைக்கு எட்டும் இடத்தில் இருக்கிறது. அங்கே எழுதப்பட்ட உறை ஒரு சாட்சியும்கூட. என்ன மருந்து, எவ்வளவு, எந்தத் திகதி என்று எழுதிய ஒரு கடதாசி, பின்னால் ஏதாவது நடந்தால், நூறு வாய்ப்பேச்சைவிடப் பெறுமதியானது. கிளினிக் கொப்பியையும் உறையையும் எறிந்துவிடாதீர்கள்.

'வயதானவர்களுக்குத் தமிழே வாசிக்கத் தெரியாதே, எழுதி என்ன பயன்?' என்பது அடிக்கடி கேட்கும் ஆட்சேபம். பாட்டிக்குத் தெரியாவிட்டால் பேத்திக்குத் தெரியும். நம் தோட்டப் பாடசாலைகள் தமிழ்மொழிப் பாடசாலைகள். லயத்தில் தமிழ் வாசிக்கத் தெரிந்த ஒருவராவது எப்போதும் இருப்பார். மருந்துச் சுருக்கம் வாசிக்கத் தெரிந்தவர்தான் இருக்கமாட்டார். யாருமே இல்லாத வீட்டுக்குச் சூரியன் படமும் நிலாப் படமும் போதும். மற்ற ஆட்சேபத்தில் உண்மை இருக்கிறது: ஆள் பற்றாக்குறை, நீண்ட வரிசை, தமிழ் தெரிந்த ஊழியர் குறைவு. நாள் முழுக்க நின்று மருந்து கொடுக்கும் ஒருவரைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் இல்லை. ஆனால் மருந்து உறையில் எழுத வேண்டியது காவியம் இல்லையே. காலை, பகல், இரவு, சாப்பாட்டுக்கு முன், பின், வாரம் ஒருமுறை. பத்துப் பதினைந்து சொல்லுக்குள் ஏறக்குறைய எல்லாம் அடங்கிவிடும். மூன்று மொழியிலும் கட்டம் போட்டு அச்சடித்த உறையில் ஒரு சரி அடையாளம் இட, லத்தீன் எழுத்தைக் கிறுக்கும் நேரம்கூட ஆகாது. நியூயோர்க் மாநிலத்தில் 2012இல் இயற்றிய சட்டத்தின் பயனாக, பெரிய மருந்தகக் கூட்டு நிறுவனங்கள் மறு ஆண்டிலிருந்து ஸ்பானிய, சீன, ரஷ்ய, இத்தாலிய மொழிகளில் மருந்து அறிவுறுத்தலை மொழிபெயர்த்துத் தரவேண்டியிருக்கிறது. அங்கே அவை குடியேறியவர்களின் மொழிகள். இங்கே தமிழ் அரசகரும மொழி.

ஒரு குறையை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். 22ஆவது உறுப்புரை அரச அலுவலரைத்தான் கட்டுப்படுத்துகிறது. தோட்டத்து டிஸ்பென்சரி கம்பனியின் நிர்வாகத்தில் இருந்தால், அங்கே அந்த வாதம் நேரடியாகச் செல்லாது. தொழிலாளியின் வைத்தியத் தேவையைத் தோட்டத்தின் பொறுப்பாக்கிய 1912ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தின் நிழல் இன்னும் நம்மேல் கிடக்கிறது. அதனால்தான் இந்த நாட்டுப் பிரசைகளில் ஒரு பகுதியினருக்கு முதல் மருந்து அரசிடமிருந்து வராமல் முதலாளியிடமிருந்து வருகிறது. தோட்ட வைத்தியத்தை முழுமையாக அரச சேவைக்குள் கொண்டுவர வேண்டும் என்ற பழைய கோரிக்கைக்கு இதுவும் ஒரு வலுவான காரணம் என்பேன். டவுன் பாமசியில் பணம் கொடுத்து வாங்குகிறோம்; அங்கே பற்றுச்சீட்டுக் கேட்டு வாங்குங்கள், மருந்தின் பெயரையும் குடிக்கும் விதத்தையும் எழுதிக் கேளுங்கள்.

நேரம் நெருங்குகிறது, ஆகவே சுருக்கமாக இதைச் சொல்லி விடைபெறுகிறேன். அடுத்த கிளினிக் நாளில், 'மிஸ், இத தமிழ்ல எழுதித் தாங்க' என்று பணிவாகக் கேளுங்கள். இளைஞர்களுக்கு இன்னொரு வேலை இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், உங்கள் வைத்தியசாலையின் தகவல் அலுவலருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். தமிழில் அச்சடித்த மருந்து உறை இருக்கிறதா, இல்லையென்றால் எப்போது வரும், அதற்கு என்ன ஏற்பாடு செய்யப்பட்டிருக்கிறது என்று கேளுங்கள். காரணம் சொல்ல வேண்டியதில்லை. 14 வேலை நாட்களுக்குள் தகவலைத் தருவதா இல்லையா என்ற முடிவையாவது அவர் அறிவிக்க வேண்டும். கடிதத்தைத் தமிழிலேயே எழுதுங்கள். எழுதிய மொழியிலேயே பதில் பெறவும் அதே 22ஆவது உறுப்புரை உங்களுக்கு உரித்துத் தருகிறது.