வாரத்துக்கு எத்தனை நாள், எந்த நாளில் எந்தத் தசை?

(நமது குடியிருப்போர் நலச் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நான் உடற்பயிற்சி ஆசிரியர் அல்ல. பி.காம். படித்து, வங்கியில் கிளார்க்காக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். கிளப் ஹவுஸ் ஜிம்முக்கு வாரம் மூன்று நாள் போகிறேன். அங்கே பிள்ளைகள் அடிக்கடி கேட்பது, "அங்கிள், எந்த ஸ்பிளிட் நல்லது?" என்பதுதான். அதைப் பற்றியே பேசுங்கள் என்று செயலாளர் சொன்னார்.

ஸ்பிளிட் என்றால் பெரிய விஷயமில்லை. வாரத்தில் எந்த நாள் உடம்பின் எந்தப் பகுதிக்குப் பயிற்சி என்று பிரித்துக்கொள்வது. நம் ஜிம்மில் அதிகம் நடப்பது, திங்கள் மார்பு, செவ்வாய் முதுகு, புதன் தோள், வியாழன் கால், வெள்ளி கை என்ற முறை. அதனால்தான் திங்கட்கிழமை மாலை பெஞ்ச் பிரஸ்ஸுக்கு வரிசை நிற்கிறது. வியாழக்கிழமை ஜிம்மே காலியாகக் கிடக்கிறது!

இந்த முறையில் இரண்டு சிக்கல். முதலாவது, தசை வளரும் விதம். பயிற்சி செய்யும்போது தசை வளர்வதில்லை. முடித்த பிறகு, சுமார் ஒன்றிரண்டு நாள், உடம்பு புதுத் தசைப் புரதத்தைக் கூடுதலாகச் சேர்க்கிறது. திங்களன்று மார்புக்குச் செய்தால் புதன்கிழமைக்குள் அந்த வேலை பெரும்பாலும் முடிந்துவிடும். அடுத்த திங்கள் வரை மார்புக்குப் புதிய தூண்டுதல் இல்லை.

இரண்டாவது, விடுப்பு. வியாழக்கிழமை ஆபீஸில் நேரமாகிவிட்டது என்று வையுங்கள். கால் பயிற்சி போயிற்று. அடுத்த வியாழன் வரும்போது காலுக்கு 14 நாள் இடைவெளி. முழு உடம்புக்கும் வாரம் மூன்று நாள் செய்பவர் ஒரு நாள் தவறினாலும், எல்லாத் தசைக்கும் இரண்டு நாள் கணக்கில் நிற்கும்.

ஆய்வுகள் சொல்வதன் சாரம் இதுதான்: வாரத்தில் ஒரு தசைக்கு மொத்தம் எத்தனை செட் உழைத்துச் செய்தீர்கள் என்பதே முக்கியம். சுமார் 10 செட் நல்ல அளவு. புதிதாக வருபவருக்கு அதில் பாதியே போதும். அந்தப் பத்தையும் ஒரே நாளில் செய்தால் கடைசிச் செட்டுகளில் தெம்பு இருக்காது. இரண்டு மூன்று நாளாகப் பிரித்தால் ஒவ்வொன்றும் உருப்படியாக இருக்கும்.

ஆகவே ஸ்பிளிட்டைத் தேர்ந்தெடுக்கும் முன் ஜிம் வருகைப் பதிவேட்டைப் புரட்டுங்கள். போன மாதம் உண்மையில் வாரத்துக்கு எத்தனை நாள் வந்தீர்கள்? ஆசைக்கு ஆறு நாள் என்று எழுதுவது வேறு, வந்து கையெழுத்துப் போட்டது வேறு.

இரண்டு அல்லது மூன்று நாள் என்றால், ஒவ்வொரு நாளும் முழு உடம்புக்கும் செய்யுங்கள். நான்கு நாள் என்றால், இரண்டு நாள் இடுப்புக்கு மேல், இரண்டு நாள் இடுப்புக்குக் கீழ். ஆறு நாளும் தவறாமல் வருபவர், தள்ளும் பயிற்சி, இழுக்கும் பயிற்சி, கால் பயிற்சி என்ற சுற்றை இருமுறை செய்யலாம். மூன்று முறையிலும் ஒரு தசைக்கு வாரம் இரண்டு தடவையாவது வேலை கிடைக்கும்.

நம்மில் பெரும்பாலோருக்கு மூன்று நாள்தான் சாத்தியம். திங்கள், புதன், வெள்ளி. ஸ்குவாட், பெஞ்ச் பிரஸ் அல்லது புஷ்-அப், லாட் புல்-டவுன், டம்பெல் வைத்து டெட்லிஃப்ட், தோளுக்கு மேல் தூக்கும் பிரஸ். ஐந்தே பயிற்சி, ஒவ்வொன்றும் 3 செட், ஒரு செட்டுக்கு 8 முதல் 12 முறை. வாரத்துக்கு 9 செட் ஆகிவிட்டது. 'இன்னும் இரண்டு முறை முடியும்' என்ற நிலையில் நிறுத்துங்கள். மூன்று செட்டிலும் 12 வந்துவிட்டால் அடுத்த முறை எடையைக் கொஞ்சம் கூட்டுங்கள். ஒரு நோட்டில் தேதி, எடை, எண்ணிக்கை எழுதி வையுங்கள். எழுதாவிட்டால் முன்னேறுகிறோமா என்று தெரியாது.

இப்போது தம்பிகளுக்கு ஒரு வார்த்தை. போனில் நீங்கள் பார்க்கும் பெரிய உடம்புக்காரர்களில் சிலர் ஊசி போடுபவர்கள். 1996-இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில், 10 வாரம் டெஸ்டோஸ்டிரோன் ஊசி மட்டும் போட்டு, பயிற்சியே செய்யாதவர்களுக்குச் சேர்ந்த கொழுப்பில்லாத எடை, ஊசி இல்லாமல் முறையாகப் பயிற்சி செய்தவர்களுக்குச் சேர்ந்ததைவிட அதிகம். அப்படிப்பட்டவரின் அட்டவணையைப் பார்த்து நாம் என்ன கற்றுக்கொள்ள முடியும்? அந்த ஊசிக்கு விலையும் உண்டு. உடம்பு தானே சுரக்கும் ஹார்மோன் அடங்கிப்போகும், விந்தணு குறையும், இதயத்துக்கும் கேடு. யாராவது அதைக் கொண்டுவந்து நீட்டினால், வீட்டில் சொல்லத் தயங்கினாலும் என்னிடம் வந்து சொல்லுங்கள்.

என் வயதுக்காரர்களுக்கும் சொல்கிறேன். "ஜிம் பிள்ளைகளுக்கு" என்று ஒதுங்காதீர்கள். நமக்குத் தேவை அழகு அல்ல. நாற்காலியில் கை ஊன்றாமல் எழுவதும், பாத்ரூமில் விழாமல் இருப்பதும். 1994-இல் வெளியான பாஸ்டன் ஆய்வில், முதியோர் இல்லத்தில் இருந்த, சராசரி வயது 87 ஆன, நலிந்த உடம்புக்காரர்கள் கால், இடுப்புத் தசைகளுக்கு வாரம் 3 நாள், 10 வாரம் பயிற்சி செய்தார்கள். தசை வலிமை இரு மடங்குக்கும் மேல் ஆயிற்று. பயிற்சி இல்லாமல் சத்துப் பானம் மட்டும் குடித்தவர்களுக்கு அந்தப் பலன் இல்லை. 65 வயதைத் தாண்டியவர்களுக்குச் சமநிலையும் வலிமையும் சேர்ந்த பயிற்சி வாரம் 3 நாள் வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனமும் சொல்கிறது. நாற்காலியில் உட்கார்ந்து எழுவதும், சுவரில் கை வைத்துத் தள்ளுவதும் நல்ல ஆரம்பம்.

பி.பி., இதய நோய், சர்க்கரை உள்ளவர்கள் டாக்டரைக் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். எடை தூக்கும்போது மூச்சை அடக்காதீர்கள். சாப்பாட்டில் முட்டை, பால், தயிர், பருப்பு, சுண்டல், மீன் என்று புரதம் வேளாவேளைக்கு இருக்கட்டும். ஒரு முட்டையில் சுமார் 6 கிராம் உண்டு. சிறுநீரகக் கோளாறு இருந்தால் புரத அளவையும் டாக்டரே சொல்ல வேண்டும்.

சங்கத்துக்கு ஒரு வேண்டுகோளோடு முடிக்கிறேன். காலை 10 முதல் 11 வரை ஜிம்மை மூத்தவர்களுக்கும், புதிதாகத் தொடங்கும் பெண்களுக்கும் ஒதுக்கித் தாருங்கள். திங்கள், புதன், வெள்ளி நான் அங்கே இருப்பேன். முதல் நாள் வருபவர்களுக்கு நோட்டுப் போட்டுத் தருவது என் பொறுப்பு.