அதே சாமான், கூடுதல் சத்து

(நமது கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில், சமையலில் சத்து வீணாகாமல் காப்பது பற்றி சமுதாயப் பயிற்றுநர் பேசியதன் எழுத்து வடிவம்)



சேமிப்பு, கடன், வட்டி எல்லாம் பேசி முடிச்சாச்சு. இனி கொஞ்ச நேரம் அடுப்படிக்குப் போவோம். "இத்தனை வருஷமா பொங்கிப் போடுறோம், எங்களுக்கே சமையல் சொல்லித்தர வந்துட்டீங்களா?"ன்னு பின்வரிசையில் ஒரு அக்கா சிரிக்கிறாங்க. நியாயம்தான். ருசியாகச் சமைக்க உங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. காசு கொடுத்து வாங்கின சத்தைக் கீழே கொட்டாமல் உடம்பில் எப்படிச் சேர்ப்பது என்பதைத்தான் இன்றைக்குப் பேசப் போகிறேன்.

முதலில் ஒரு கேள்வி. குடத்தைத் தூக்கி நாலு எட்டு வைத்தால் மூச்சு வாங்குகிறது, குனிந்து நிமிர்ந்தால் கண்ணை இருட்டுகிறது என்கிறவர்கள் எத்தனை பேர்? கை தூக்குங்கள். பார்த்தீர்களா, பாதிப் பேருக்கு மேல்! இது நம்ம ஊர் சமாச்சாரம் மட்டும் இல்லை. 2019-21ல் நடந்த தேசிய குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரை உள்ள பெண்களில் 100க்கு 53 பேருக்கு இரத்தசோகை இருக்கிறது. இரத்தத்தில் ஹீமோகுளோபின் 12 கிராமுக்குக் குறைந்தால் சோகை. கர்ப்பிணி என்றால் 11 கிராம் கணக்கு. சோகை இருந்தால் வேலை ஓடாது, அசதி தீராது. பிரசவ நேரத்தில் உயிருக்கே ஆபத்தாக முடியலாம். பிறக்கிற பிள்ளையும் எடை குறைவாகப் பிறக்கலாம். இரும்புச்சத்து குறைவது இதற்கு ஒரு முக்கியக் காரணம். அந்த இரும்பு நம்ம அடுப்படியில் எங்கெல்லாம் கிடைக்கிறது, எப்படியெல்லாம் தப்பிப் போகிறது என்று பார்ப்போம்.

கீரையைக் கழுவிவிட்டு நறுக்குங்கள்

நறுக்கின பிறகு கழுவினால் தண்ணீரில் கரையும் சத்துகள் தண்ணீரோடு போய்விடும். முழுசாக இரண்டு மூன்று தடவை அலசி, பிறகு நறுக்குங்கள். கொஞ்சமாகத் தண்ணீர் விட்டு, மூடி போட்டு வேகவையுங்கள். மீந்த கீரைத் தண்ணீரைக் கொட்டாமல் ரசத்திலோ பருப்பிலோ சேர்த்துவிடுங்கள். பச்சை நிறம் மாறக் கூடாது என்று சிலர் சோடா உப்பு போடுகிறார்கள். அது வைட்டமின்களை அழித்துவிடும், வேண்டாம்.

இறக்கின பிறகு எலுமிச்சை

கீரை, பருப்பு, கம்பு இவற்றில் இருக்கிற இரும்பை நம் உடம்பு கொஞ்சம்தான் எடுத்துக்கொள்ளும். கூடவே வைட்டமின் சி இருந்தால் கூடுதலாக எடுத்துக்கொள்ளும். "நாங்கதான் புளி ஊத்துறோமே"ன்னு கேட்பீங்க. புளியில் வைட்டமின் சி ரொம்பக் குறைவு. எலுமிச்சை, நெல்லிக்காய், கொய்யா, இவற்றில்தான் நிறைய. ஆனால் சூடு பட்டால் இந்தச் சத்து குறைந்துவிடும். அதனால் சட்டியை அடுப்பிலிருந்து இறக்கி, கொஞ்சம் ஆறவிட்டு எலுமிச்சை பிழியுங்கள். முருங்கைக்கீரைப் பொரியலுக்கு அரை மூடி போதும். கொய்யா விளைகிற காலத்தில் சாப்பாட்டோடு ஆளுக்கு ஒரு துண்டு கொடுங்கள்.

சாப்பாட்டோடு டீ வேண்டாம்

சாப்பிட்ட கையோடு ஒரு டீ குடித்தால்தான் சாப்பிட்ட மாதிரி இருக்கும் நமக்கு. டீயிலும் காப்பியிலும் இருக்கிற துவர்ப்பு, சாப்பாட்டில் உள்ள இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும். உடம்பில் சேரவிடாது. டீயை விடச் சொல்லவில்லை. சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் இடைவெளி விடுங்கள், அது போதும்.

அரிசியும் பருப்பும்

அரிசியை ஐந்தாறு தடவை தேய்த்துத் தேய்த்துக் கழுவ வேண்டாம். கல், தூசி போக இரண்டு தடவை அலசினால் போதும். வடித்துச் சாப்பிடுகிறவர்கள் கஞ்சியைக் கொட்டாதீர்கள். உப்புப் போட்டு, மோர் கலந்து குடித்தால் களையெடுத்துவிட்டு வருகிற உடம்புக்குத் தெம்பு.

துவரம் பருப்பை அரை மணி நேரம் ஊறவைத்து வேகவைத்தால் சீக்கிரம் வேகும், விறகும் மிச்சம், கேஸும் மிச்சம். குக்கரில் விசில் வந்ததும் தீயைக் குறைத்துவிடுங்கள். பருப்பு வேகும் முன்னால் புளித் தண்ணீரையோ தக்காளியையோ சேர்க்காதீர்கள். புளிப்பு சேர்ந்தால் பருப்பு மசிய நேரமாகும்.

முளைகட்டிய பயறு

பச்சைப்பயறை இரவு ஊறவைத்து, காலையில் தண்ணீரை வடித்து, ஈரத்துணியில் கட்டித் தொங்கவிடுங்கள். மறுநாள் முளை எட்டிப் பார்க்கும். முளைக்கும்போது வைட்டமின் சி உண்டாகிறது, பயறில் உள்ள இரும்பும் உடம்பில் சுலபமாகச் சேருகிறது. பச்சையாகச் சாப்பிடாமல் ஆவியில் வேகவைத்துச் சாப்பிடுங்கள். கர்ப்பிணிகள் கட்டாயம் வேகவைத்துத்தான் சாப்பிட வேண்டும். இட்லி, தோசை மாவு புளிப்பதும் இதே மாதிரி நல்லதுதான்.

இரும்புச் சட்டியைத் தூக்கிப் போடாதீர்கள்

பரணில் கிடக்கிற பாட்டி காலத்து இரும்புச் சட்டியை இறக்குங்கள். அதில் புளிக்குழம்பு, தக்காளித் தொக்கு வைத்தால் கொஞ்சம் இரும்பு சாப்பாட்டில் இறங்கும். சமைத்து முடித்ததும் வேறு பாத்திரத்துக்கு மாற்றிவிட வேண்டும். அதிலேயே விட்டால் குழம்பு கறுத்து, இரும்பு வாடை அடிக்கும். கழுவி ஈரம் போகத் துடைத்து, லேசாக எண்ணெய் தடவி வைத்தால் துருப்பிடிக்காது.

உப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. அயோடின் சேர்த்த உப்பையே வாங்குங்கள். அடுப்புப் பக்கத்தில் திறந்து வைக்காமல், மூடி போட்ட டப்பாவில் ஈரம் படாமல் வையுங்கள். சமையல் முடிகிற நேரத்தில் போட்டால் அயோடின் அதிகம் வீணாகாது.

கடைசியாக, முக்கியமான குறிப்பு

இவ்வளவும் சரியாகச் செய்து, கீரையை எல்லோருக்கும் அள்ளி வைத்துவிட்டு, நாம் வெறும் சட்டியில் சோற்றைப் பிசைந்து சாப்பிட்டால் என்ன பிரயோஜனம்? "எல்லாரும் சாப்பிட்ட பிறகுதானே நாம சாப்பிடணும்?"னு ஒரு தங்கச்சி கேட்குது. கடைசியில் உட்காருவது உங்கள் வீட்டு வழக்கமாக இருக்கலாம். மிச்சம் மீதிதான் உங்கள் பங்கு என்று எங்கேயும் எழுதி வைக்கவில்லை. கரண்டி உங்கள் கையில்தானே இருக்கிறது! கீரை, முட்டை, பயறு எதுவானாலும் இறக்கின உடனே வீட்டில் எத்தனை பேரோ அத்தனை பங்கு போட்டுவிடுங்கள். உங்கள் பங்கை மூடி வையுங்கள். வயசுக்கு வந்த பெண் பிள்ளைக்கும் அண்ணன் தம்பிக்கு வைக்கிற அதே அளவு வையுங்கள், மாதா மாதம் இரத்தம் போகிற உடம்பு அது. குழுவில் கடன் பிரிக்கும்போது ஒருத்தர் பெயர் விட்டுப்போனால் சும்மா விடுகிறோமா? வீட்டுக் கணக்கில் மட்டும் நம் பெயரை நாமே விடலாமா?

இன்னொன்று. சோகை ஏற்கெனவே இருந்தால் கீரை மட்டும் போதாது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரத்தப் பரிசோதனை இலவசம், இரும்புச்சத்து மாத்திரையும் இலவசம். கர்ப்பிணிகள் நாலாம் மாதத்திலிருந்து 180 நாள் தினமும் போட வேண்டும். மாத்திரையை டீயோடும் பாலோடும் போடாதீர்கள், சுண்ணாம்புச்சத்து மாத்திரையோடு சேர்த்தும் வேண்டாம். எலுமிச்சைச் சாறோடு போடலாம். மலம் கறுப்பாகப் போனால் பயப்படாதீர்கள், அது மாத்திரையால் வருவதுதான். வயிற்றைப் புரட்டினால் குப்பையில் போடாமல் நர்ஸம்மாவிடம் சொல்லுங்கள்.

அடுத்த கூட்டத்துக்குள் ஒவ்வொரு குழுவும் ஒரு நாள் சேர்ந்து போய் ஹீமோகுளோபின் பார்த்து வருவதென்று இன்றைக்கே தீர்மான நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். தனியாகப் போகச் சொன்னால் நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிப்போடுவோம். பத்துப் பேர் சேர்ந்தால் கிளம்பிவிடுவோம். இன்று இரவு சமையலில் ஆரம்பிக்க வேண்டியது ஒன்றுதான்: உங்கள் பங்கை முதலில் எடுத்து மூடி வையுங்கள்.