நாற்காலியின் மேல் வரும் கோபம்

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுச் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

1987-ல் இந்தக் கல்லூரியில் பொருளாதாரம் முடித்தேன். பிறகு வெளியூரில் சமூகப்பணியில் முதுகலை. 1990 முதல் 2025-ல் ஓய்வு பெறும் வரை தொழிற்சாலைகளில் பணியாளர் துறையில்தான் வேலை. நான் சேர்ந்தபோது 'பர்சனல் ஆபீசர்' என்றார்கள். இப்போது 'எச்.ஆர். மேனேஜர்' என்கிறார்கள். பெயர்தான் மாறியிருக்கிறதே தவிர, புதிதாகப் போய் உட்காருகிறவருக்குக் கிடைக்கும் வரவேற்பு அதிகம் மாறவில்லை. நம் மாணவர்கள் சிலர் எனக்குப் போன் செய்து, "மேடம், நான் உள்ள போனாலே எல்லாரும் பேச்சை நிறுத்திடறாங்க, வேலையை விட்டுடலாமான்னு இருக்கு" என்கிறார்கள். அதனால் இன்றைக்கு அதைப் பற்றியே பேசுகிறேன்.

முதலில் ஒரு சின்ன சரித்திரம். 1918 ஏப்ரலில் பெரம்பூர் பின்னி ஆலைத் தொழிலாளர்களை வைத்து சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கியது. பி.பி. வாடியா தலைவர், திரு.வி.க. அதில் முக்கியப் பங்கு வகித்தார். சாப்பாட்டு இடைவேளை போதவில்லை என்பது அந்தத் தொழிலாளர்களின் முக்கியக் குறைகளில் ஒன்று. அந்தக் காலத்து ஆலைகளில் இப்படி ஒரு குறையைச் சொல்லக்கூட தனியாக ஓர் அதிகாரி கிடையாது. ஆள் எடுப்பது, லீவு கொடுப்பது, ஆளை நிறுத்துவது எல்லாம் மேஸ்திரி கையில். வேலைக்குச் சேர அவருக்கு மாமூல் கொடுக்க வேண்டும். 1931-ல் அறிக்கை தந்த ராயல் கமிஷன், இதை ஒழிக்க ஆலைகளில் தொழிலாளர் அதிகாரி ஒருவரை நியமிக்கலாம் என்று பரிந்துரைத்தது. பிறகு 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம், 500 பேருக்குக் குறையாமல் உள்ள இடங்களில் நல அலுவலர் இருக்க வேண்டும் என்று கட்டாயமாக்கியது.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், நாம் உட்காரும் நாற்காலியே வேறொருவர் கையிலிருந்து அதிகாரத்தை எடுத்துப் போட்ட நாற்காலி. சம்பளம் தருவது நிர்வாகம், குறை கேட்க வேண்டியது தொழிலாளியிடம். இரண்டு பக்கமும் சந்தேகமாகத்தான் பார்ப்பார்கள். வருகிற கோபத்தில் முக்கால் பங்கு நாற்காலியின் மேல் வருவது. மீதிக் கால் பங்குதான் நம் மேல் வருவது. இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் பாதிப் பாரம் குறைந்துவிடும்.

என் முதல் வேலை கோவைப் பக்கம் ஒரு பம்ப்செட் தொழிற்சாலையில். சுமார் 320 பேர். நல அலுவலர் தேவைப்படாத அளவு. அதனால் எல்லாவற்றுக்கும் ஒரே பர்சனல் ஆபீசர், அதுவும் 24 வயதுப் பெண். டைம் ஆபீஸ் ஹெட் கிளார்க் என்னிடம் எந்த பைலைக் கேட்டாலும், "பீரோ சாவி இல்லீங்க" என்பார். கேன்டீனில் நான் உட்கார்ந்த பெஞ்சில் இருந்தவர்கள் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிடுவார்கள். 'முதலாளி வைத்த ஒற்றர்' என்று காதுபடவே பேசினார்கள். ஃபேக்டரி மேனேஜருக்கோ நான் மெமோ டைப் அடித்துத் தருகிற ஆள், அவ்வளவுதான்.

சிரித்துப் பேசி யாரையும் மாற்ற முடியாது என்று இரண்டு வாரத்தில் தெரிந்தது. ஒரு மாதம் யாரிடமும் நியாயம் பேசாமல், எனக்கு முன் இந்த நாற்காலி என்ன செய்தது என்று மட்டும் விசாரித்தேன். பழைய மேஜை இழுப்பறையில் 43 மனுக்கள் கிடந்தன. பி.எப். அட்வான்ஸ், இ.எஸ்.ஐ. கார்டில் பெயர் சேர்ப்பது, ஷிப்ட் மாற்றம், இப்படி. சில மனுக்கள் இரண்டு வருஷத்துக்கு முந்தியவை. ஒருவர் மகள் கல்யாணத்துக்குப் பணம் கேட்டிருந்தார்; கல்யாணமே முடிந்து பேரனும் பிறந்துவிட்டது. என்னைப் பார்த்ததும் அவர் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்ததில் என்ன தப்பு சொல்ல முடியும்?

ஒவ்வொரு மனுவுக்கும் ஓர் எண் கொடுத்தேன். கேன்டீன் வாசலில் ஒரு தாள் ஒட்டினோம்: மனு எண், வாங்கிய தேதி, பதில் தரும் தேதி. ஊரறியத் தெரிய வேண்டாத விஷயம் மனுவில் இருக்கும் என்பதால் பெயர் போடவில்லை. முடியாது என்றாலும் அந்தத் தேதிக்குள் 'முடியாது' என்று காரணத்தோடு எழுதிக் கொடுத்தோம். நாலாவது மாதம் சங்கச் செயலாளர் என் அறைக்கு வந்தார். உட்காரவில்லை. நின்றபடியே, "அம்மணி, நீங்க எங்க ஆளுன்னு நாங்க நெனைக்கலீங்க. ஆனா சொன்ன தேதிக்குச் செய்யறீங்க" என்றார். எனக்கு அது போதுமானதாக இருந்தது. மாணவர்களே, புது இடத்தில் முதல் வருஷமே அன்பை எதிர்பார்க்காதீர்கள். சொன்ன தேதிக்கு வேலை நடக்கும் என்று பெயர் எடுத்தால் போதும்.

ஹெட் கிளார்க் விஷயம் வேறு. நான் வருவதற்கு முன் பன்னிரண்டு வருஷம் அந்த வேலையைப் பார்த்தவர் அவர். பதவி தனக்கு வரும் என்று காத்திருந்தார். அவர்மேல் புகார் எழுதுவது எளிது. எழுதியிருந்தால் சாவி வந்திருக்கும், அவருக்குத் தெரிந்த விவரம் வந்திருக்காது. நிர்வாக இயக்குநர் எதிரிலேயே, "சார், மனு வாங்கினதுக்கு உங்க கையெழுத்துதான் இருக்கணும், பதிவேடும் உங்க கிட்டயே இருக்கட்டும்" என்று கேட்டேன். அவர் ரிடயர் ஆகும் வரை என் நண்பர் ஆகவில்லை. ஆனால் அதற்குப் பிறகு எந்த பைலும் காணாமல் போகவில்லை.

கீழிருந்து வரும் கோபத்தைவிட மேலிருந்து வருவது கடினம். 1991-ல் நடந்தது இது. இரவு ஷிப்டில் ஒரு தொழிலாளி போர்மேனைத் திட்டிவிட்டார். ஃபேக்டரி மேனேஜர் அங்கேயே வாய்மொழியாக சஸ்பெண்ட் செய்து அனுப்பிவிட்டார். ஒன்பது நாள் கழித்து என்னைக் கூப்பிட்டு, சம்பவம் நடந்த மறுநாள் தேதி போட்டு சார்ஜ் ஷீட்டில் கையெழுத்துப் போடச் சொன்னார். அந்த ஆள் சங்க வேலை செய்கிறவர். இதை வைத்து ஒரேயடியாக அனுப்பிவிட வேண்டும் என்பது அவர் எண்ணம்.

"இன்னைக்குத் தேதி போட்டு இப்பவே கையெழுத்துப் போடறேன் சார், பழைய தேதி போட மாட்டேன்" என்றேன். நீதி, நேர்மை என்று பிரசங்கம் செய்யவில்லை. அவருக்குப் புரிகிற கணக்கைச் சொன்னேன். வேலைநீக்கம் சரிதானா என்று ஆராய்ந்து தண்டனையையே மாற்றும் அதிகாரத்தைத் தொழிலாளர் நீதிமன்றத்துக்குத் தரும் 11-ஏ பிரிவு 1971-லேயே தொழில் தகராறு சட்டத்தில் சேர்ந்துவிட்டது. முன்தேதி போட்டது அங்கே வெளிப்பட்டால், பழைய சம்பள பாக்கியோடு ஆளைத் திரும்ப எடுக்க நேரிடும் என்றேன். கோபத்தில் பேப்பரை மேஜையில் வீசினார். அடுத்த நாலு மாதம் வாராந்திரக் கூட்டத்துக்கு என்னை அழைக்கவில்லை. எனக்கு டைப்பிஸ்ட்டும் கிடையாது. வீட்டில் அப்பா, "கையெழுத்துதானே, போட்டுட்டுப் போம்மா" என்றார். தம்பி படித்துக்கொண்டிருந்தான், என் சம்பளம் வீட்டுக்குத் தேவைப்பட்டது. பயமாகத்தான் இருந்தது.

முறைப்படி விசாரணை நடந்தது. திட்டியது உண்மை என்று தெரிந்தது. ஓர் இன்கிரிமென்ட் நிறுத்தப்பட்டது, வேலை போகவில்லை. சங்கத்துக்கும் திருப்தி இல்லை, மேனேஜருக்கும் திருப்தி இல்லை. ஆனால் அதற்குப் பிறகு என்னிடம் யாரும் முன்தேதிக் கையெழுத்துக் கேட்கவில்லை.

இனி அந்தக் கால் பங்கு, நம் மேலேயே வருகிற பகை. விசாரணைக்குப் பிறகு என் நடத்தையைப் பற்றி அசிங்கமாக எழுதிய ஒரு மொட்டைக் கடிதாசி நிர்வாக இயக்குநருக்குப் போனது. நோட்டீஸ் போர்டிலும் ஒரு நகல். இதைப் பொறுத்துக்கொள்ளக் கூடாது. அன்றே தேதி, நேரம், பார்த்தவர் பெயர் எல்லாம் டைரியில் குறித்தேன். எழுத்துமூலம் புகார் கொடுத்து, நகலில் 'பெற்றுக்கொண்டேன்' என்று கையெழுத்தும் வாங்கினேன். அப்போது இதற்கென்று தனிச் சட்டம் இல்லை. 1997-ல் விசாகா வழக்கில் உச்ச நீதிமன்றம் வழிமுறைகள் வகுத்தது. 2013-ல் சட்டமே வந்தது. பத்துப் பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில் உள்ளகக் குழு இருக்க வேண்டும். பாலியல் ரீதியாக இழிவுபடுத்தினால் மூன்று மாதத்துக்குள் அங்கே எழுத்தில் புகார் தரலாம். எச்.ஆர். ஆக இருப்பதாலேயே, 'நானே போய்ப் புகார் கொடுப்பதா' என்று கூச்சப்படாதீர்கள். நீங்களும் அங்கே சம்பளம் வாங்குகிற ஊழியர்தான்.

இன்னொன்றும் உங்களுக்குச் சாதகம். 2020-ல் இயற்றி 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த தொழிலுறவுத் தொகுப்பின்படி, 20 தொழிலாளர்களோ அதற்கு மேலோ உள்ள இடத்தில் குறைதீர்க்கும் குழு வேண்டும். அதில் இரு தரப்புக்கும் சம எண்ணிக்கை. 30 நாளில் விசாரித்து முடிக்க வேண்டும். அந்தக் குழுவைக் காகிதத்தில் மட்டும் வைக்காமல் நிஜமாகக் கூட்டுங்கள். எல்லாப் பழியும் உங்கள் ஒருவர் தலையில் விழாது.

அனுபவத்தில் சொல்ல இன்னும் சில உண்டு. ஓர் அறையில் கேட்டதை அடுத்த அறையில் சொல்லாதீர்கள். மேலதிகாரிக்கு நல்ல பிள்ளையாக வேண்டும் என்ற ஆசையில்கூடச் சொல்லாதீர்கள். கேன்டீனில் எல்லோரும் சாப்பிடும் சாப்பாட்டையே சாப்பிடுங்கள். அலுவலகத்துக்கு வெளியே மனம் விட்டுப் பேச ஓர் ஆளை வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு இந்தக் கல்லூரித் தோழி ஒருத்தி இருந்தாள். வாரம் ஒரு இன்லேண்ட் லெட்டர் எழுதுவேன்.

எல்லா இடத்திலும் பொறுத்துப் போகவும் சொல்ல மாட்டேன். பொய்யில் கையெழுத்துப் போடு என்று கேட்கிறார்கள், மேலே யாரும் காது கொடுக்கவில்லை, தூக்கம் போய் உடம்பும் கெடுகிறது என்றால், வேறு வேலை தேடிக்கொண்டு கௌரவமாக வெளியே வாருங்கள். அது தோல்வி ஆகாது. ஆனால் ஆறு வாரத்தில் முடிவெடுக்காதீர்கள். யார் கோபப்படுகிறார்கள், எதற்காக என்று தெரிந்துகொள்ளவே ஆறு மாதம் வேண்டும்.

இந்த வருஷம் வேலைக்குப் போகிற மாணவச் செல்வங்கள் என்னைத் தயங்காமல் கூப்பிடலாம். சங்கச் செயலாளரிடம் என் எண் இருக்கிறது.