கொண்டைப் பரீட்சைக்குத் தலை தேவை

(தோட்டச் சனசமூக மண்டபத்தில் நடந்த பெற்றோர் கூட்டத்தில் நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய உரை)



கொழுந்து நிறுத்துப் போட்ட கையோடு வந்திருக்கிறீர்கள். அதனால் சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறோம். நம் தோட்டத்தில் சிகை அலங்காரம் பழகும் நான்கு பிள்ளைகளுக்கு அடுத்த மாதம் செய்முறைப் பரீட்சை. அதில் ஒரு வேலை, உள்ளே திணிப்பு வைத்து, முடியைச் சுருட்டி உயர்த்திக் கட்டும் கொண்டை. போன முறை ஒரு பிள்ளை அதிலேதான் தவறியது. முடிவுத் தாளைத் தாயிடம் காட்டப் பயந்து மூன்று நாள் பாய்க்கடியில் வைத்திருந்ததாம்.

விசாரித்துப் பார்த்தோம். பிள்ளைக்குப் புத்தி குறைவில்லை, பழகத்தான் தலை கிடைக்கவில்லை. அம்மாவுக்கு விடிந்தால் பெரட்டு, தங்கச்சிக்குப் பள்ளிக்கூடம். பரீட்சைக்கு வருவதாகச் சொன்ன அக்காவும் ஒரு நாள் பேர் போய்விடுமே என்று கடைசியில் நின்றுவிட்டார். அவசரத்துக்குக் கூட்டிப் போன பிள்ளைக்குத் தலை நிறைய தேங்காயெண்ணெய். அந்தத் தலையில் பெக்கோம் நிற்குமா?

இதில் எங்கள் பிழையும் உண்டு. "கொண்டை போடவும் ஒரு வகுப்பா?" என்று முதலில் நாங்களே சிரித்தோம். தேசிய தொழில் தகைமை என்னும் என்.வி.கியூ. சான்றிதழ் தையலுக்கும் மேசன் வேலைக்கும் இருப்பதுபோல இதற்கும் இருக்கிறது. அது கையில் இருந்தால் நுவரெலியா சலூனிலும் கேட்கலாம், கொழும்பிலும் கேட்கலாம்.

இந்தக் கொண்டை நமக்குப் புதிசும் இல்லை. 1960 இல் சிக்காகோவில் மார்கரெட் வின்சி ஹெல்ட் என்ற அம்மையார் தேன்கூடு போல உயர்ந்த கொண்டை ஒன்றைச் செய்தார். அது உலகமெல்லாம் பரவியது. அந்தக் காலத்துப் படங்களில் கதாநாயகிகள் தலையில் உயரமாய் நின்ற கொண்டையைப் பெரியவர்கள் மறந்திருக்கமாட்டீர்கள். நம் பாட்டிமார் சீப்பில் வந்த முடியைச் சேர்த்துச் சவுரி கட்டினார்களே, அதே முடியை ஒரு நெட்டுக்குள் அடைத்து உருட்டினால் அதுதான் திணிப்பு. கடை ஸ்பொஞ்சுக்குக் காசு வேண்டாம். நிறமும் பொருந்தும், பின்னும் வழுக்காது.

பிள்ளைகள் செய்துகாட்டியதை நாங்கள் பக்கத்தில் நின்று பார்த்தோம். முன்முடியைத் தனியே ஒதுக்கிவிட்டு, உச்சி முடியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்கி, அடிவேரை நோக்கிச் சீப்பால் தள்ளுகிறார்கள். அந்த மெத்தையில் திணிப்பை வைத்து, இரண்டு பின்னைக் குறுக்குக்குறுக்காகப் போட்டால் அசையாது. பின்னின் நெளிந்த பக்கம் தலையோடு படவேண்டும். நாங்கள் இத்தனை வருஷமும் மறுபக்கமாகத்தான் குத்தியிருக்கிறோம்! பிறகு மேல்முடியைத் திணிப்பு தெரியாமல் மூடிச் சீவி, மிச்ச முடியைச் சுருள் சுருளாகக் குத்தி முடிக்கிறார்கள்.

சுருளில்தான் பாடுபடுகிறார்கள். சூட்டில் வளைந்த முடி ஆறும்போதுதான் அந்த வடிவத்தில் நிற்கும். சூட்டோடு விரித்தால் சுருள் விழுந்துவிடும். அதனால் ஒவ்வொரு சுருளையும் கிளிப் போட்டு ஆறவிட வேண்டும். ஆறின பிறகும் ஈரம் பட்டால் தளரும். நம் மலையில் பனிமூட்டம் வாசலுக்குள்ளேயே வந்து நிற்கிறது. கீழே கண்டியில் நிற்கிற சுருள் இங்கே அரை மணித்தியாலத்தில் தொங்குகிறது. ஆகவே இங்கே பழகும் பிள்ளை கதவை மூடிக்கொண்டு, முடியை நன்றாகக் காயவைத்துத்தான் தொடங்கவேண்டும்.

லயத்து வயரில் சுருட்டும் மெஷினைக் குத்தவேண்டாம். ஒரு வீட்டில் குத்தி, நாலு வீடு இருட்டானது உங்களுக்குத் தெரியும். மெஷின் இல்லாத அன்று பழைய சேலைத் துண்டைக் கிழித்து, இலேசான ஈர முடியை அதில் சுற்றி இரவு கட்டிவிட்டால் காலையில் சுருள் இருக்கும். சீனித் தண்ணீர் பூசலாம் என்று ஒரு பாட்டி சொன்னார். எறும்புக்கு யார் பதில் சொல்வது?

வருகிற ஞாயிறு தொடக்கம் பிள்ளைப் பராமரிப்பு நிலையத்தைக் காலையில் திறந்து வைப்போம். தோளுக்குக் கீழே முடி உள்ளவர்கள் வாருங்கள். சனி பின்னேரம் தலை முழுகி, எண்ணெய் வைக்காமல் வரவேண்டும். அப்போதுதான் கழுவிய முடி வழுக்கும், ஒரு நாள் போன முடிதான் பிடிக்கும்.

பரீட்சை நாள் வேலை நாள். மொடலாகப் போகும் நால்வருக்கும் அன்றைய பேரைத் தரும்படி துரையிடம் கடிதம் கொடுத்திருக்கிறோம், பதில் இன்னும் வரவில்லை. அதை நம்பி இருக்க முடியாது. ஓய்வு பெற்ற அக்காமாரோ, சாதாரண தரம் எழுதிவிட்டு வீட்டில் இருக்கும் பிள்ளைகளோ நாலு பேர் வேண்டும், அவசரத்துக்கு இன்னும் இரண்டு பேர். கொப்பி மேசையில் இருக்கிறது. போகும்போது பெயரை எழுதிவிட்டுப் போங்கள்.