வீட்டுக்கு ஏற்ற ஒலிபெருக்கி



தோட்டத்துத் திடலில் வெள்ளைத் துணி கட்டிப் படம் காட்டிய காலத்தை நம் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். மரத்தில் கட்டிய ஒரு கூம்பு ஒலிபெருக்கிதான் படம் முழுவதையும் பேசும். மேளச் சத்தம் தகரத்தைத் தட்டுவது போல இருக்கும். ஆனாலும் கடைசியில் பாய் விரித்து உட்கார்ந்த பாட்டிக்கு வசனம் விளங்கியது. இன்று தெப்ராவ் வட்டாரத்தில் தோட்ட நிலம் பலவும் வீடமைப்புப் பகுதியாகிவிட்டது. கூடத்தில் பெரிய தொலைக்காட்சி, சுற்றிலும் ஐந்து பெட்டிகள், தரையில் இன்னொரு கனத்த பெட்டி என்று வாங்கி வைக்கிறோம். பாட்டியோ, "என்னய்யா சொல்றான் அவன்?" என்று கேட்கிறார்.

இதற்குக் காரணம் உண்டு. பேச்சில் உயிரெழுத்துகளின் ஒலி தாழ்ந்த சுருதியில் கனமாக வரும். ச, த, ட போன்ற எழுத்துகளை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்துக் காட்டும் ஒலி மெலிதானது; வினாடிக்கு 2,000 அதிர்வுகளுக்கு மேல் இருப்பது. ஆலையிலோ, புல்வெட்டும் இயந்திரத்தோடோ பல ஆண்டுகள் உழைத்தவரின் காது முதலில் இழப்பது ஏறக்குறைய 4,000 அதிர்வுப் பகுதியைத்தான். அதனால் அவருக்குச் சத்தம் கேட்கும், சொல் பிடிபடாது. நாம் சத்தத்தைக் கூட்டினால் 'தொம் தொம்' என்ற அடித்தொனியும் சேர்ந்து கூடி, இருக்கும் சொல்லையும் மூடிவிடுகிறது.

ஒலிபெருக்கியின் அமைப்பு எளியது. காந்தத்தின் நடுவே ஒரு கம்பிச் சுருள். அதோடு ஒட்டிய காகிதக் கூம்பு. மின்சாரம் சுருளை முன்னும் பின்னும் அசைக்க, கூம்பு காற்றைத் தள்ளுகிறது. 1925-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ரைஸ், கெல்லாக் என்ற இருவர் வெளியிட்ட முறையே பெரும்பாலும் இன்றும் நடைமுறையில் உள்ளது. தவிலில் தொப்பி ஒரு தொனி, வலந்தலை ஒரு தொனி தருவதுபோல, பெரிய கூம்பான ஊஃபர் தாழ்ந்த ஒலிக்கும், சிறிய ட்வீட்டர் உயர்ந்த ஒலிக்கும் உரியவை. 5.1 என்று அட்டையில் போட்டிருந்தால் ஐந்து பெட்டிகளும் ஓர் அடித்தொனிப் பெட்டியும் என்று பொருள். வசனத்தில் பெரும்பகுதி, தொலைக்காட்சிக்குக் கீழே வைக்கும் நடுப்பெட்டியிலிருந்து வருகிறது. கடைக்காரர் அதிகம் பேசாத பெட்டியும் அதுதான்!

அவர் பேசுவது வாட்ஸ் கணக்கு. பெட்டியின் மேல் ஆயிரக்கணக்கில் அச்சிட்டிருக்கும் பி.எம்.பி.ஓ. என்ற எண்ணுக்கு ஒரு பொது அளவுகோலே கிடையாது. ஆர்.எம்.எஸ். வாட்ஸ் எவ்வளவு என்று கேளுங்கள். அந்த வாட்ஸ் இரு மடங்கானாலும் ஒலி 3 டெசிபெல்தான் ஏறும். காதுக்கு அது சிறு வித்தியாசம். இரு மடங்குச் சத்தமாகத் தோன்ற ஏறத்தாழ பத்து மடங்கு வாட்ஸ் வேண்டும். 2025-இல் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளியாயிற்று. அந்தச் சம்பளத்தில் தவணை கட்டும் குடும்பம், அட்டையில் உள்ள ஓர் எண்ணுக்காக ஏன் கூடுதல் பணம் கொடுக்க வேண்டும்? மட்டமான ஆறு பெட்டிகளைவிட, நல்ல இரண்டு முன்பெட்டிகள் மேல் என்பது நம் கருத்து. நடுவில் பேச்சுக்கென்று தனிக் கூம்பு வைத்த நீளமான சவுண்ட்பாரும் சிறிய கூடத்துக்குப் போதும்.

வாங்கப் போகும்போது நன்றாகத் தெரிந்த ஒலிப்பதிவுகளைப் பென்டிரைவில் எடுத்துச் செல்லுங்கள்: ஒரு செய்தி வாசிப்பு, ஒரு நாதஸ்வரம், ஓர் உறுமி மேளம். சத்தத்தைத் தாழ்த்தி வைத்துக் கேளுங்கள். செய்தி சொல் சொல்லாக விளங்குகிறதா? நாதஸ்வரம் காதைக் குத்துகிறதா? இரண்டு பெட்டிகளை ஒப்பிடும்போது சத்தம் சமமாக இருக்கட்டும். சற்று உரக்க ஒலிப்பதுதான் நல்லது என்று காது நம்பிவிடும். விற்பவருக்கு இது தெரியும். முடிந்தால் வீட்டுப் பெரியவரையும் அழைத்துப் போங்கள். அவருக்கு விளங்கிய பெட்டியே அந்த வீட்டுக்கு உரிய பெட்டி.

பிறகு அறை. ஜாலான் தெப்ராவ் அருகே உள்ள இராஜகாளியம்மன் கண்ணாடிக் கோயிலை அறிவீர்கள். 1922-இல் சிறு குடிலாக இருந்து, இன்று கண்ணாடித் துண்டுகளால் ஒளிர்வது. கண்ணாடி ஒளியைத் திருப்புவதுபோலவே ஒலியையும் திருப்பும். மொசைக் தரையும் வெறுஞ்சுவரும் உள்ள நம் கூடமும் அப்படித்தான். கூடத்தில் ஒரு முறை கை தட்டிப் பாருங்கள். ஒலி இழுத்துக்கொண்டு நின்றால் வசனமும் அப்படியே குழம்பும். கனத்த திரைச்சீலை, பாய்க்குப் பதில் தடித்த கம்பளம், துணி அலமாரி ஆகியவை விலை உயர்ந்த பெட்டி செய்யாததைச் செய்யும்.

அடித்தொனிப் பெட்டியை மூலையில் வைத்தால் முழக்கம் கூடும். 40 அதிர்வு ஒலியின் ஓர் அலை ஏறக்குறைய எட்டரை மீட்டர் நீளம். நடுச்சுவர் அதற்கு ஒரு தடையே அல்ல. அடுத்த வீட்டாருக்கு நம் படத்தின் வசனம் கேட்காது, இடி மட்டும் கேட்கும். விடியுமுன் வேலைக்குப் போகிறவர் அங்கே படுத்திருக்கக்கூடும். பெட்டியைப் பொதுச்சுவரிலிருந்து தள்ளி, அடியில் தடித்த ரப்பர் தகடு போட்டு வையுங்கள். ரப்பருக்கு நம்மிடம் பஞ்சமா?

கடைசியாகக் கம்பி இணைப்பு. ஆம்ப்ளிஃபயரில் 6 ஓம்ஸ் முதல் என்று எழுதியிருந்தால் 4 ஓம்ஸ் பெட்டியை மாட்டாதீர்கள், சூடேறிப் பழுதாகும். சிவப்பு முனைக்குச் சிவப்பு, கறுப்புக்குக் கறுப்பு. ஒரு பெட்டியில் மட்டும் மாறிப்போனால், ஒன்று காற்றைத் தள்ளும்போது மற்றது இழுக்கும். அடித்தொனி மெலிந்து, குரல் நடுவில் நிற்காமல் அலையும். புதுப் பெட்டி சரியில்லை என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுமுன், அந்த இரண்டு கம்பிகளையும் ஒரு முறை பார்த்துவிடுங்கள்.